நோட்டு அச்சடித்தது அரசு... குழாயில் நின்றது தண்ணீர்! ஜிம்பாப்வேயில் நடந்தது என்ன?

2009 ஜனவரியில் ஜிம்பாப்வே மத்திய வங்கி ஒரு புது நோட்டை வெளியிட்டது. மதிப்பு 100 லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலர். 1-க்குப் பின்னால் 14 பூஜ்ஜியங்கள்! ஆனால் அந்த நாட்டில் அப்போது காலரா பரவிக்கொண்டிருந்தது. அதற்கு 2 மாதங்கள் முன்பே பெரிய அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தன. இத்தனை பணம் அச்சடித்த அரசால் ஏன் குடிநீர் கூட கொடுக்க முடியவில்லை?

மிகை பணவீக்கம் என்றால் என்ன?

விலைவாசி ஒரே மாதத்தில் 50 சதவீதத்துக்கு மேல் ஏறினால், அதை 'ஹைப்பர் இன்ஃப்ளேஷன்', அதாவது மிகை பணவீக்கம் என்கிறார்கள். ஜிம்பாப்வே அரசு கடைசியாக வெளியிட்ட கணக்குப்படி, 2008 ஜூலையில் ஆண்டு பணவீக்கம் 23 கோடி சதவீதத்தைத் தாண்டியது. பொருளாதார நிபுணர் ஸ்டீவ் ஹாங்கேயின் மதிப்பீட்டில், அந்த நவம்பரில் சுமார் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டிப்பானது.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், இன்று 10 ரூபாய்க்கு விற்கும் டீ நாளை 20 ரூபாய். ஒரே வாரத்தில் 1,280 ரூபாய்!

எங்கே ஆரம்பித்தது?

1997-ல் அதிபர் ராபர்ட் முகாபே, விடுதலைப் போரில் பங்கேற்ற சுமார் 50,000 பேருக்கு தலா 50,000 ஜிம்பாப்வே டாலர் அறிவித்தார். பட்ஜெட்டில் அதற்குப் பணம் ஒதுக்கவே இல்லை. அந்த நவம்பரில் ஒரே நாளில் நாட்டின் நாணயம் பாதிக்கும் மேல் மதிப்பிழந்தது. அடுத்த ஆண்டு காங்கோ போருக்கு ராணுவத்தை அனுப்பியதில் செலவு இன்னும் கூடியது.

2000-ல் வெள்ளையர்களின் பெரிய பண்ணைகள் கையகப்படுத்தப்பட்டன. காலனி ஆட்சி விட்டுப்போன நில ஏற்றத்தாழ்வு உண்மைதான். ஆனால் அவசர அவசரமாக, வன்முறையோடு நடந்த விதத்தில் சாகுபடியே படுத்துவிட்டது. டாலர் சம்பாதித்துத் தந்த புகையிலை ஏற்றுமதி சரிந்தது. வரி வருமானமும் போனது.

வருமானம் குறைந்தது, செலவு குறையவில்லை. பள்ளத்தை நிரப்ப அரசு கையில் எடுத்த வழி, நோட்டு அச்சடிப்பது. 2006-ல் சர்வதேச நிதியத்தின் கடன் பாக்கிக்காக டாலர் வாங்கக்கூட 21 லட்சம் கோடி அச்சடித்தார்கள்.

விலையை அரசே குறைத்தால்?

அதையும் செய்து பார்த்தார்கள். 2007 ஜூனில் விலைகளைப் பாதியாகக் குறைக்க உத்தரவு வந்தது. மீறிய வியாபாரிகள் ஆயிரக்கணக்கில் கைதானார்கள். கொள்முதல் விலைக்கும் கீழே யார் விற்பார்கள்? கடை அலமாரிகள் காலியாகின. சரக்கு கள்ளச்சந்தைக்குப் போனது.

பணம் இருந்தும் சேவை ஏன் முடங்கியது?

முதல் காரணம் வரி. இன்று விதிக்கும் வரி ஒரு மாதம் கழித்து வசூலாகும்போது காகித மதிப்புகூட இருக்காது. அதனால் அரசு மேலும் அச்சடிக்கும், விலை மேலும் ஏறும்.

இரண்டாவது, சம்பளம். ஆசிரியரின் மாதச் சம்பளம் பஸ் கட்டணத்துக்கே போதவில்லை. ஆசிரியர்களும் நர்ஸ்களும் வேலைக்கு வராமல் நின்றார்கள். பலர் தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். 2008-ல் பெரும்பாலான நாட்கள் அரசுப் பள்ளிகளில் பாடமே நடக்கவில்லை.

மூன்றாவது, இறக்குமதி. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ரசாயனத்தையும் பம்பு உதிரிபாகங்களையும் உள்ளூர் நோட்டைக் கொடுத்து வாங்க முடியாது. 2008 டிசம்பர் தொடக்கத்தில் ரசாயனம் தீர்ந்து, தலைநகர் ஹராரேயில் குடிநீர் நிறுத்தப்பட்டது. மக்கள் கிணறு தோண்டினார்கள். பக்கத்திலேயே கழிவுநீர் ஓடியது.

விளைவு, 2008 ஆகஸ்டில் தொடங்கிய காலரா 98,000 பேருக்கு மேல் தாக்கியது; 4,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உரிய நேரத்தில் உப்பு-சர்க்கரைக் கரைசலும் சிகிச்சையும் கிடைத்தால், காலராவில் 100-ல் ஒருவர் கூட இறக்கத் தேவையில்லை. ஜிம்பாப்வேயில் 100-க்கு 4 பேர் இறந்தார்கள்.

மேற்கத்திய தடைகள்தான் காரணமா?

முகாபே அரசு அப்படித்தான் சொன்னது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2001-க்குப் பிறகு தடைகள் விதித்தது உண்மை; வெளிநாட்டுக் கடன் கிடைப்பதும் கடினமானது. ஆனால் 1997 சரிவு அதற்கு முன்பே நடந்துவிட்டது. நோட்டு அச்சடிக்கும் முடிவும் ஹராரேயில்தான் எடுக்கப்பட்டது.

எப்படி முடிந்தது?

நோட்டில் 2006-ல் 3 பூஜ்ஜியம், 2008-ல் 10, 2009-ல் 12 என வெட்டிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் 2009 தொடக்கத்தில் அமெரிக்க டாலர் உள்ளிட்ட வெளிநாட்டுப் பணத்தில் வியாபாரம் செய்ய அனுமதித்தார்கள். அரசால் டாலரை அச்சடிக்க முடியாது. அவ்வளவுதான், விலையேற்றம் நின்றது. புதிய கூட்டணி அரசு ஊழியர்களுக்கு மாதம் 100 அமெரிக்க டாலர் கொடுக்க, பள்ளிகளும் மருத்துவமனைகளும் மெல்லத் திறந்தன.

ஆனால் மக்களின் சேமிப்பு? 2015-ல் பழைய கணக்குகளை முடித்தபோது, 175-க்குப் பின்னால் 15 பூஜ்ஜியங்கள் வரை வங்கியில் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது வெறும் 5 அமெரிக்க டாலர். வரி என்ற பெயரில் வாங்காவிட்டாலும், அரசு செலவழித்த பணம் கடைசியில் மக்கள் பாக்கெட்டில் இருந்துதான் போனது.