வேட்பாளர் பட்டியலின் கடைசிப் பக்கம்

1996 சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டை ஒட்டிய மொடக்குறிச்சித் தொகுதியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். அத்தனை பெயரையும் ஒரே தாளில் அச்சிட வழியில்லாமல் வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே போட வேண்டியதாயிற்று. மற்ற தொகுதிகளோடு சேர்த்து நடத்த முடியாமல் வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. நின்றவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் திரண்டு வந்து மனுத்தாக்கல் செய்தவர்கள். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஓட்டு வாங்குவது அவர்கள் நோக்கமே இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்தச் சம்பவம் தேர்தல் காலத்தில் ‘விநோதத் தகவல்’ என்ற பெட்டிச் செய்தியாக வந்து போகும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அன்றைக்கு விவசாயிகள் கையில் எடுத்தது மனு. கலெக்டர் ஆபீசில் கொடுத்தால் கட்டில் போய்ச் சேரும் மனுவை, தள்ளிவைக்கவே முடியாத ஓர் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேட்புமனுவை அதிகாரி வாங்கித்தான் ஆக வேண்டும். பரிசீலித்துத்தான் ஆக வேண்டும். தகுதி இருந்தால் சின்னம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

அதே 1996-ல் ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். அங்கே குடிநீரில் ஃபுளோரைடு. பல் கறுத்து, எலும்பு வளைந்து, நடக்க முடியாமல் போன பிள்ளைகள் உள்ள கிராமங்கள் அவை. கிருஷ்ணா நீரைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் மொத்தமாக மனுத்தாக்கல் செய்தார்கள். கர்நாடகத்தின் பெல்காமில், எல்லைப் பிரச்சினைக்காக 456 பேர்.

இதற்கு அரசு என்ன பதில் சொன்னது என்பதுதான் தேர்தலைக் கவனிக்கிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய இடம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. 1951-லிருந்து சட்டமன்றத்துக்கு 250 ரூபாய், மக்களவைக்கு 500 ரூபாய் என்று இருந்த டெபாசிட், 5,000 ஆகவும் 10,000 ஆகவும் உயர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்ற விதி வந்தது. 2009-ல் தொகை மறுபடி ஏறி, இப்போது சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்கு டெபாசிட் காலி.

1996-ல் ஆயிரம் பேர் மனுத்தாக்கல் செய்ய இரண்டரை லட்சம் ரூபாய் போதும். இன்றைக்கு அதே ஆயிரம் பேருக்கு ஒரு கோடி வேண்டும். கூட்டம் ஏன் வந்தது என்று கேட்பதற்குள் வாசலின் உயரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

அப்படியும் கூட்டம் நிற்கவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாதில் 185 வேட்பாளர்கள். அதில் 170-க்கும் மேற்பட்டவர்கள் மஞ்சளும் சோளமும் பயிரிடும் விவசாயிகள். தலைக்கு 25,000 ரூபாய் கட்டி, அது திரும்பி வராது என்று தெரிந்தே நின்றார்கள். மஞ்சளுக்கு ஒரு வாரியம் வேண்டும், கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஈரோட்டு மஞ்சள் மண்டியை அறிந்தவர்களுக்கு அந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதம் நிலத்தில் கிடந்து, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி மூட்டை கட்டிய பிறகும் விலையைச் சொல்வது விளைவித்தவர் அல்லவே.

தேர்தல் ஆணையம் இந்த முறை பின்வாங்கவில்லை. ஒரு வாக்கு இயந்திரப் பலகையில் 16 பெயர்தான் இடம்பெறும். ஒவ்வொரு சாவடியிலும் 12 பலகைகளை வரிசையாக இணைத்து, நோட்டாவையும் சேர்த்து 186 பொத்தான்களோடு ஏப்ரல் 11 அன்று வாக்குப்பதிவை நடத்தி முடித்தது. பாராட்ட வேண்டிய வேலை அது. அன்றைய முதல்வர் கே.சந்திரசேகர ராவின் மகள் கவிதா, கையிலிருந்த தொகுதியை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் இழந்தார். வென்ற பா.ஜ.க.வின் தர்மபுரி அரவிந்த், மஞ்சள் வாரியம் கொண்டு வருவேன் என்று பாண்டுப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர்.

வாரியம் வந்ததா? வந்தது. 2023 அக்டோபரில், தெலங்கானா சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, பிரதமர் மோடி மகபூப்நகரில் அறிவித்தார். 2025 ஜனவரியில், பொங்கல் நாளில், நிஜாமாபாதைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கப்பட்டது. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் மட்டும் மஞ்சள் இன்னும் ஏறவில்லை. கேட்டதில் பாதி, ஆறு ஆண்டு கழித்து. ஆனாலும் அந்தப் பாதிக்குப் பின்னால், தோற்பதற்கென்றே நின்ற அத்தனை பேரின் பங்கு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

நீண்ட பட்டியலால் தொல்லையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பாட்டி 186 பொத்தான்களுக்கு நடுவே தன் சின்னத்தைத் தேடுவது சிரமம்தான். வேண்டுமென்றே ஒரே பெயர்க்காரர்களை நிறுத்திக் குழப்புவதும் நடக்கிறது. 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். இதைத் தடுக்கப் பணம் சரியான சல்லடை ஆகாது. வசதி உள்ளவர் பத்து டம்மிகளுக்கு டெபாசிட் கட்டிவிடுவார். கூலி வேலை செய்பவருக்கோ பத்தாயிரம் என்பது பல வாரச் சம்பாத்தியம்.

முன்மொழிபவர்கள் பத்துப் பேர் என்பதை இருநூறாக்கட்டும். டெபாசிட்டை ஆயிரத்துக்குக் கீழே இறக்கட்டும். ஊருக்கு நிஜமாகவே ஒரு குறை இருந்தால் இருநூறு கையெழுத்து இரண்டே தெருவில் கிடைத்துவிடும். குறை இல்லாமல் வெறும் பெயருக்காக நிற்பவர் அதற்கே திணறிப்போவார். ஒவ்வொரு கையெழுத்தையும் வாக்காளர் பட்டியலோடு சரிபார்க்க அதிகாரிகளுக்குக் கூடுதலாக ஓரிரு நாள் தேவைப்படும். அந்த ஓரிரு நாளைத் தேர்தல் அட்டவணையில் கொடுத்தால் போதும்.