துப்பறிவாளர் கண்ட திருச்சிச் சுருட்டு!
உறையூர்ச் சரக்கில் ஒரு ரசாயனப் பாடம்

லண்டனில் ஆளில்லாத வீடு. உள்ளே ஒரு பிணம். தரையில் கொஞ்சம் சுருட்டுச் சாம்பல். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் அதைத் திரட்டி எடுத்துப் பார்க்கிறார். "கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு" என்று சொல்லி விடுகிறார்!

1887-ல் கானன் டாயில் எழுதி வெளிவந்த கதை இது. திருச்சிச் சுருட்டுக்குப் பேர் போன இடம் உறையூர். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையில் உருட்டி, கப்பலேறிச் சீமைக்குப் போன சரக்கு.

ஹோம்ஸ் கையில் கிடைத்தது சாம்பல் மட்டுந்தான். சுருட்டின் பெரும்பங்கு எங்கே போயிற்று? பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கார்பன் பாடத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.

நாலு கை அணு

கார்பன் என்றால் கரி. அடுப்புக்கரி, பென்சில் முனை, வைரம் எல்லாம் கார்பன்தான்.

கார்பன் அணுவுக்கு நாலு கை என்று வைத்துக் கொள்ளுங்கள். உண்மையில் அவை கைகள் அல்ல. அணுவின் வெளிச்சுற்றில் உள்ள 4 எலெக்ட்ரான்கள். கார்பன் ஒன்று போடும். பக்கத்து அணுவும் ஒன்று போடும. இரண்டையும் பொதுவில் வைத்துக் கொள்ளும். தானமும் இல்லை, கடனும் இல்லை. கூட்டு வியாபாரம்! இந்த நாலு கைக் கணக்கை ஜெர்மன் அறிஞர் கெக்குலே 1858-ல் எழுதினார். எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது!

நாலு கையிலும் ஹைட்ரஜன் சேர்ந்தால் மீத்தேன். சாண எரிவாயுவில் எரிவது அதுதான். கார்பன் இன்னொரு கார்பனையும் பிடித்துக் கொள்ளும். அது மூன்றாவதைப் பிடிக்கும். இப்படிச் சங்கிலியாக நீளும்; வளையமாகவும் வளையும்.

உறையூர்த் தறியில் ஓடும் பஞ்சு நூல் இப்படிப்பட்ட சங்கிலிதான். ஆறு கார்பன் உள்ள சர்க்கரைத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கோத்தது. பெயர் செல்லுலோஸ். புகையிலையிலும் அதே செல்லுலோஸ் உண்டு. கூடவே நிகோட்டின்: 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். ஆளை விடாமல் பிடித்துக் கொள்வது இதுதான்.

நெருப்பு வைத்தால்?

சங்கிலி அறுகிறது. ஒரு கார்பன் இரண்டு பிராணவாயு அணுக்களைப் பிடித்தால் கரியமில வாயு. அது காற்றோடு போய்விடும்.

ஆனால் இறுக உருட்டிய சுருட்டுக்குள் காற்று போதாது. ஒரே ஒரு பிராணவாயு அணு கிடைத்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்து கொள்கிறது. அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக! கதவு ஜன்னலை அடைத்து, கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் விடியும்போது எழுந்திராமல் போவது இதனால்தான். குளிர் காலத்திலும் மழைக் காலத்திலும் வீட்டில் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாதி வெந்த கார்பன்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளையங்களாவதும் உண்டு. 20 கார்பன், ஐந்து வளையம் கொண்ட பென்சோபைரீன் புற்றுநோய் தருவது. "நான் புகையை விழுங்குவதில்லை, வாயோடு சரி" என்பார்கள் சுருட்டுப் பிரியர்கள். வாய்ப் புற்றுக்கு அந்த வாயே போதுமே!

மிஞ்சும் சாம்பலில் இருப்பது செடி மண்ணிலிருந்து எடுத்த சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும். கதையில் ஹோம்ஸ் கண்ட சாம்பலோ கறுத்து, ஏடு ஏடாக இருந்ததாம். சாம்பலில் கறுப்பு தெரிந்தால், அங்கே எரியாத கார்பன் கொஞ்சம் தங்கிவிட்டது என்று அர்த்தம்.