பங்சார் மனிதர்கள் – 14: மலை மேல் ஒரு கூட்டாளி

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணி. லக்கி கார்டன் கடைகள் இன்னும் கதவு திறக்கவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு கட்டுக் கறிவேப்பிலை, ஒரு டப்பா முறுக்கு, இரண்டு சிறுவர் கதைப் புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாகக் காடியில் ஏற்றுகிறார். போவது கேமரன் மலைக்கு. இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும் என்பது வீட்டம்மாவின் கட்டளை.

அவர் பார்க்கப் போகும் கூட்டாளி, ஜாலான் பங்சார் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். ஹாபு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெண் கட்டியவர், அங்கேயே லாரி ஓட்டி, அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்.

பங்சாரும் ஒரு காலத்தில் தோட்டம்தான். பங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர் சேர்ந்து ரப்பர் தோட்டத்தின் பெயரானது. அது ஊர் வாயில் உருண்டு உருண்டு பங்சார் ஆயிற்று. பால்மரம் இருந்த மேட்டில் இன்று பங்களாக்கள்.

தாப்பா வரை நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அலுப்பே தெரியாது. அங்கிருந்து தானா ராத்தா வரை இன்னும் 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. லாத்தா இஸ்கந்தர் அருவியைச் சுற்றியுள்ள மலைப்பாதையில் ஓராங் அஸ்லி பூர்வகுடியினரான செமாய் மக்கள் கொட்டகை போட்டுத் தேனும் பெத்தாயும் விற்கிறார்கள். மேலே கேமரன் மலைத் தொகுதியில்தான் 2019 இடைத்தேர்தலில் ரம்லி முகமது நோர் வென்று, நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி ஆனார்.

வில்லியம் கேமரன் 1885இல் இந்த மலையை ஆய்வு செய்தார். பெயர் அவருடையது. 1929இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சீனாவின் பொஹியா மலையிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் சரிவில் கால் ஊன்றிக் கன்று நட்டதும் கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் தமிழ்க் கைகள். அந்தக் கைகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இருக்க வேண்டும்.

"வாடா, பசியாறிட்டியா?" லயத்து வாசலிலேயே குரல் வரவேற்கிறது. கறிவேப்பிலைக் கட்டைப் பார்த்ததும் கூட்டாளியின் மனைவி அதை இரண்டு கையாலும் வாங்கி முகர்கிறார். மலைக் குளிரில் கறிவேப்பிலைச் செடி எளிதில் பிடிப்பதில்லை.

தேத்தண்ணி குடித்த கையோடு இருவரும் சரிவுக்கு நடக்கிறார்கள். கூட்டாளி இடுப்பளவுச் செடி ஒன்றை விலக்கிக் காட்டுகிறார். மேலே தளிர்ப் பச்சை. அடியில் தொடை பருமனுக்கு முறுக்கேறிய தண்டு, பாசி படர்ந்து கிடக்கிறது. "கவ்வாத்து பண்ணாம விட்டா இது பெரிய மரம்டா. வெட்டி வெட்டித்தான் இப்படி குட்டையா நிக்குது." சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதே செடியில் திரும்பவும் பறிப்பு. முன்பு விரலால் கிள்ளினார்கள். பிறகு பை கட்டிய கத்தரி வந்தது, இப்போது இருவர் தூக்கிப் பிடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. அதைப் பிடிப்பவர்களில் பலர் இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் ரிங்லெட் ஏரிக்கரையில் நிற்கிறார்கள். தண்ணீர் பால் கலந்த தேத்தண்ணி நிறம். மேலே காய்கறித் தோட்டங்களுக்காகக் காட்டை மழித்த மண், மழைக்கு மழை இங்கே வந்து இறங்குகிறது. 2013 அக்டோபரில் பலத்த மழையில் சுல்தான் அபு பக்கார் அணை திறக்கப்பட்டபோது, பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்களை வாங்கின. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் நிலச்சரிவு. கூட்டாளி அந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு வீட்டுச் சுவரில் சேறு ஏறிய உயரத்தை மட்டும் கையால் காட்டினார். அவர் நெஞ்சுக்கு மேலே இருந்தது.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கத் தொடங்கியது. கோசு, பூக்கோசு, ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் என்று காடியின் பின்பக்கம் நிறைந்தது. கதைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி பேத்தி கையசைத்தாள்.

ஸ்ட்ராபெரி தோட்டத்தில் படம் பிடிக்க மலையேறுகிறவர்கள் ஆயிரம் பேர். உங்களுக்கும் மேலே ஒரு கூட்டாளியோ சொந்தமோ இருந்தால், வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு எட்டு லயத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். கறிவேப்பிலையை மறந்துவிடாதீர்கள்.

(தொடரும்)