பரமக்குடியில் குளிருமா பாஸ்?

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது பரமக்குடி ஆத்து மணலில் செருப்பில்லாமல் நின்றிருக்கிறீர்களா? நின்றவர்களிடம் போய் ‘குளிர்’ என்று சொல்லிப் பாருங்கள், உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். வெயிலும் குண்டு மிளகாயும் காய்கிற சீமை இது. ஸ்வெட்டர் என்பதே ஊட்டி டூர் போகிறவன் கடன் வாங்குகிற சமாச்சாரம்!

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அக்காவுக்குக் குழந்தை பிறக்கிற வரைக்கும்.

கார்த்திகை மாசம், அடைமழை. ஆஸ்பத்திரி ரூமில் ஏசி ஜம்முன்னு ஓடுது. பெரியம்மா, சித்தி, நான், என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர்னு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் பிள்ளையைக் கைமாத்துறோம். துணியை விலக்கி விரலை எண்ணுறோம். மூக்கு யார் மாதிரி என்று பட்டிமன்றம். நடுவில் செல்ஃபி வேறே. அரை மணி நேரம் கழித்து வந்த நர்ஸம்மா குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். ஜில்!

விட்டார் பாருங்க ஒரு டோஸ்... “உங்களுக்கு வேர்க்குதுன்னா பிள்ளைக்கும் வேர்க்கும்னு நெனச்சீங்களா? அது அம்மா வயித்துல உங்க ஏசி ரூமிலயா இருந்துச்சு?”

நான் அசடு வழிந்துகொண்டே ஒரு சந்தேகம் கேட்டேன். “குளிர்ந்தா நடுங்கியிருக்குமே சிஸ்டர், இவன் நடுங்கவே இல்லியே?”

“பச்சப்புள்ள நடுங்காதுப்பா. அதான் ஆபத்தே!”

அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை. தேட ஆரம்பித்தேன். கிடைத்தது செம மேட்டர்.

நமக்குக் குளிர்ந்தால் தசைகள் வெடவெடன்னு ஆடும். அந்த ஆட்டத்தில் சூடு பிறக்கும். பிறந்த குழந்தைக்கு அந்த வித்தை கைவராது. பதிலாக அதன் உடம்புக்குள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்து அனுப்பியிருக்கிறது இயற்கை. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, கழுத்தில், அக்குளில், சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறது. பழுப்புக் கொழுப்பு என்று பேர். நம்ம தொப்பையில் இருக்கிற வெள்ளைக் கொழுப்பு சேமிப்புக் கணக்கு. இது அடுப்பு!

1551-லேயே கான்ராட் கெஸ்னர் என்கிற சுவிஸ்காரர், மர்மோட் என்ற மலை அணிலின் தோளுக்கு நடுவே இதைப் பார்த்து, ‘கொழுப்பும் இல்லை, சதையும் இல்லை’ என்று குழம்பி எழுதி வைத்துவிட்டுப் போனார். அது எதற்கு என்று புரிய 400 வருஷம் ஆச்சு. 1964-ல் ஆக்ஸ்ஃபோர்டில் டாகின்ஸ், ஹல் என்ற இரண்டு பேர் பிறந்த முயல்குட்டிகளைக் குளிரில் வைத்து அளந்தார்கள். மற்ற இடமெல்லாம் குளிர்ந்துகொண்டு போக, தோளுக்கு நடுவே இருந்த அந்தக் கொழுப்பு மட்டும் சூடாகிக்கொண்டிருந்தது.

எப்படி? பைக்கை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குங்கள். வண்டி நகராது. ஆனால் பெட்ரோல் எரியும், இன்ஜின் கொதிக்கும். அதேதான் இங்கேயும். தோலில் குளிர் பட்டதும் மூளைக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து நரம்பு வழியாக நார்அட்ரினலின் வந்து கொழுப்பு செல்லைத் தட்டி எழுப்புகிறது. செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியா வழக்கமாகக் கொழுப்பை எரித்து உடம்பு செலவழிக்கிற சக்தியாக மாற்றும். பழுப்புக் கொழுப்பில் மட்டும் தெர்மோஜெனின் என்று ஒரு புரதம் கியரைக் கழற்றி விட்டுவிடுகிறது. எரிகிறதெல்லாம் நேராகச் சூடு! அந்தப் பழுப்பு நிறம்கூட, நெருக்கியடித்துக் கிடக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் இரும்புச்சத்தால் வந்ததுதான்.

இதில் பரிதாபமான கேரக்டர் பன்றி. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடியே அதன் வம்சத்தில் இந்தப் புரதத்துக்கான ஜீன் பழுதாகிப்போனது என்று 2006-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் பன்றிக்குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு நடுங்கிக் கிடக்கின்றன. அவற்றுக்கு வேறு வழி இல்லை.

ஆட்டுக்குட்டி கொடுத்து வைத்தது. அதற்கு நடுங்கவும் தெரியும், பழுப்புக் கொழுப்பும் உண்டு. கடுங்குளிரில் அது உண்டாக்குகிற கூடுதல் சூட்டில் கிட்டத்தட்டப் பாதி அந்தக் கொழுப்பின் உபயம். நம்ம ராமநாதபுரம் வெள்ளை இனத்துக்குக் கம்பளி கிடையாது, வெறும் முடிதான். மழைக்காலத்தில் திறந்த வயல்காட்டுக் கிடையில், நடுராத்திரி ஈரத்தோடு விழுகிற குட்டிக்கு வாடைக்காற்று அடித்தால் கதை கந்தல். கிடை போடுகிற கீதாரிகளுக்கு மைட்டோகாண்ட்ரியா தெரியாது. ஆனால் குட்டியின் ஈரம் சட்டுனு காயணும், சீம்பால் சீக்கிரம் உள்ளே போகணும், காற்றுப்படாத கூட்டுக்குள் அடைக்கணும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. காரணம் சிம்பிள். ஹீட்டரில் இருக்கிற எண்ணெய் கொஞ்ச நேரத்துக்குத்தான். பால் போனால்தான் அடுப்பு தொடர்ந்து எரியும்.

மனுஷக் குட்டிக்கும் இதே கணக்குதான். கொழுப்பு எரிய ஆக்ஸிஜன் வேணும். குளிரில் அதிக நேரம் கிடந்தால் குழந்தை ஆக்ஸிஜனையும் ரத்த சர்க்கரையையும் சூட்டுக்கே செலவழித்துவிட்டுச் சோர்ந்துவிடும். பால்கூடக் குடிக்காது. பிறந்த ஈரத்தைத் துடைக்காமல் விட்டால் முதல் 10, 20 நிமிஷத்திலேயே உடம்புச் சூடு 2 டிகிரி வரைக்கும், அதற்கு மேலும்கூட இறங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு இருக்க வேண்டியது 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ். பிரசவ அறை 25-க்குக் குறையக் கூடாது. நாம ஏசியை எதில் வைப்போம்? 22! பரமக்குடி வெளியே கொதிக்கக் கொதிக்க, உள்ளே ஊட்டி ஆகிவிடுகிறது.

குறைமாதக் குழந்தை நிலைமை இன்னும் மோசம். பழுப்புக் கொழுப்பு பெரும்பாலும் கடைசி மூணு மாசத்தில்தான் சேரும். அவசரமாக வந்துவிட்ட பிள்ளை எண்ணெய் ஊற்றாத ஹீட்டரோடு வந்து நிற்கிறது. 1958-ல் அமெரிக்க டாக்டர் வில்லியம் சில்வர்மேன் குழு, இன்குபேட்டர் சூட்டைச் சில டிகிரி கூட்டியதுமே அதிகக் குறைமாதக் குழந்தைகள் பிழைப்பதைக் காட்டியது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, வெறும் சூடு!

சரி, இன்குபேட்டர் இல்லாத ஊரில்? 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வகுப்பு ப்ராஜெக்டாக இந்தக் கேள்வியைக் கொடுத்தார்கள். நாலு மாணவர்கள் சேர்ந்து குட்டி ஸ்லீப்பிங் பேக் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். உருக்கிய மெழுகு போன்ற பொருள் உள்ள பையை அதன் முதுகில் செருகினால் மணிக்கணக்கில் 37 டிகிரியிலேயே நிற்கும். ‘எம்ப்ரேஸ்’ என்று பேர். அந்த நாலு பேரில் ராகுல் பணிக்கர் நம்ம சென்னை ஐஐடி-யில் படித்தவர். ப்ராஜெக்டை சீனியரிடம் காப்பியடிக்கிற நமக்கு இதெல்லாம் கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது, ஹி... ஹி...

அதைவிட சீப்பான ஹீட்டர் ஒன்று உண்டு. அம்மாவின் நெஞ்சு. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே, எடை குறைந்த குழந்தைகளை அம்மாவின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். நம்ம டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி உட்பட 5 நாட்டு மருத்துவமனைகளில் 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. நிலைமை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்தவுடனே கங்காரு முறையைத் தொடங்கியதில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது.

இதையெல்லாம் வீட்டில் ஒப்பித்தபோது அப்பத்தா நம்பவில்லை. “அப்ப பொறந்த அன்னிக்கே புள்ளயக் குளிப்பாட்டக் கூடாதா?” என்றார். கூடாது அப்பத்தா, 24 மணி நேரமாவது பொறுக்கணும். தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ், ஃபேனுக்கு நேரே படுக்க வைக்கக் கூடாது. “சாக்ஸா... இந்த வேக்காட்டுலயா?” என்று முனகினாலும் தொப்பியை அவரேதான் தைத்தார்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கங்காரு பராமரிப்பை அம்மாதான் செய்யணும் என்றில்லை. அம்மா ஓய்வெடுக்கும்போது அப்பா, பாட்டி என்று ஆரோக்கியமான யார் நெஞ்சும் ஓகே. காதுகுத்துக்கு மடி கொடுக்கக் காத்திருக்கிற தாய்மாமன்களே, டாக்டர் சொன்னால் முதல் வாரமே உங்களுக்கு டியூட்டி உண்டு. செல்ஃபோனைப் பக்கத்தில் வெச்சுட்டு, சட்டையைக் கழட்டிட்டு, சும்மா சாய்ஞ்சு உட்காரணும். அவ்வளவுதான்.