செயின்வீலில் ஒரு விகிதப் பாடம்

என் வீட்டிலிருந்து பள்ளி 11 கிலோமீட்டர். வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பழைய மிதிவண்டியின் முன்சக்கரத்தில் மோட்டர் பொருத்தி, அதை மின்மிதிவண்டியாக மாற்றிக்கொண்டேன். முதல் வாரத்திலேயே ஒரு குறை தெரிந்தது. வண்டி மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் என் கால்கள் பாரமே இல்லாமல் சுற்றின. நான் மிதிப்பது வண்டிக்குப் போய்ச் சேரவில்லை.

மிதிவண்டிக் கடைக்காரரிடம் சொன்னேன். “செயின்வீலைப் பெரிசா போட்டுட்டா சரியாயிடும் சார்” என்றார். 44 பல் இருந்த இடத்தில் 52 பல் செயின்வீல் வந்தது. ஒரு மாதம் நன்றாகப் போனது. ஒருநாள் மாலை எதிர்காற்றில், மேம்பாலத்தின் அடிவாரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. பாதி ஏற்றம்கூட மிதிக்க முடியவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். “சார், பெரிய பல்சக்கரம்னா வேகம்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. பேட்டரி தீர்ந்தா யார் மிதிக்கிறதுன்னு சொல்லலையே?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் கேட்டது சரி. பல ஆண்டுகளாக நான் பாதி உண்மையைத்தான் கற்பித்திருந்தேன். மீதிப் பாதியைக் கற்பித்த அனுபவமே இக்கட்டுரை.

பல்லை ஏன் எண்ணுகிறோம்?

மிதிகட்டையோடு சுற்றும் பெரிய பல்சக்கரம் செயின்வீல். பின்சக்கரத்தோடு இருக்கும் சிறியது ஃப்ரீவீல். இரண்டையும் இணைப்பது ஒரே செயின். செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஆகவே இரு சக்கரங்களிலும் பல்லுக்குப் பல் இடைவெளியும் அதுவே. 44 பல் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 56 செ.மீ., 18 பல் என்றால் ஏறத்தாழ 23 செ.மீ. சுற்றளவுகளின் விகிதமும் பற்களின் விகிதமும் ஒன்றே என்பதால், அளவுகோல் இல்லாமல் எண்ணியே கணக்குப் போடலாம்.

44-க்கு 18 என்பதைச் சுருக்கினால் 22-க்கு 9. மிதிகட்டை 9 முறை சுற்றினால் பின்சக்கரம் 22 முறை சுற்றும். மிதிவண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டயரில் ஓரிடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, மிதிகட்டையைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னேன். ஒரு குழு மிதிகட்டையை எண்ணியது, மற்றொரு குழு டயரை எண்ணியது. 9 முடிந்தபோது எதிர்க் குழு “இருபத்திரண்டு” என்று கத்தியது. விகிதத்தைச் சுருக்குவது எதற்கு என்ற கேள்விக்கு அன்றைக்குப் பிறகு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம்?

அடுத்து டயரின் குறியைத் தரையில் வைத்து, வண்டியை நேராக ஒரு சுற்று உருட்டி அளந்தோம். 2 மீட்டர் 10 செ.மீ. வந்தது. மிதிகட்டை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் 2.44 முறை சுற்றுகிறது. 2.44 × 2.1 = ஏறத்தாழ 5.13 மீட்டர். ஒரு முழு மிதிக்கு வண்டி போகும் தூரம் இது.

மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 417 மீட்டர். அதை 5.13 ஆல் வகுத்தால் 81. அதாவது அந்த வேகத்தில் என் கால் நிமிடத்துக்கு 81 முறை சுற்ற வேண்டும். பழகிய பந்தய வீரருக்கு அது எளிது. என்னைப் போன்றவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 70 சுற்றுதான் இயல்பு. கால் வீணாகச் சுற்றியதன் காரணம் இதுதான்.

52 பல் செயின்வீலில் ஒரு மிதிக்கு 6.07 மீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 69 சுற்று போதும். கடைக்காரர் சொன்னது இந்த அளவுக்குச் சரி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயின்வீலை மாற்றியதால் மோட்டரின் வேகம் மாறவில்லை. சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும் மோட்டர் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது, அதன் ஆற்றல் செயின் வழியாகப் போவதில்லை. ஆகவே பல்சக்கரத் தேர்வு முழுக்க நம் காலுக்கானது. மிதிகட்டை அச்சில் மோட்டர் பொருத்தப்பட்ட வண்டிகளில் கதை வேறு. அங்கே மோட்டரின் ஆற்றலும் செயின் வழியாகவே பின்சக்கரத்துக்குப் போகிறது. பல்சக்கரத்தை மாற்றினால் கால், மோட்டர் இரண்டின் உழைப்பும் மாறும். அவற்றில் செயினும் பல்சக்கரங்களும் விரைவில் தேயும். கியர் மாற்றும் நொடியில் மிதிப்பதைத் தளர்த்துவது நல்லது. வண்டி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது மோட்டர் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

மீதிப் பாதி: காலில் விழும் பாரம்

மாணவியின் கேள்விக்கு வருவோம். மிதிகட்டைத் தண்டின் நீளம் 17 செ.மீ. எனவே ஒரு சுற்றில் கால் நகரும் தூரம் ஏறத்தாழ 1.07 மீட்டர். அதே நேரத்தில் வண்டி 5.13 மீட்டர் போகிறது. கால் நகரும் தூரத்தைப் போல் 4.8 மடங்கு. உராய்வில் போகும் சிறு இழப்பை விட்டுவிட்டால், கால் செய்த வேலையும் வண்டி பெற்ற வேலையும் சமம். எனவே சாலையில் தேவைப்படும் விசையைப் போல் 4.8 மடங்கு விசையைக் கால் சராசரியாகத் தர வேண்டும். தூரத்தில் கிடைத்த லாபத்துக்கு விசையில் விலை கொடுக்கிறோம்.

மேம்பாலத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தோம். நானும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ. 30 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவு என்று வைத்துக்கொண்டால், ஏற்றத்துக்கு மட்டும் 33 நியூட்டன் தேவை. டயர் உருளும் தடையையும் சேர்த்து ஏறத்தாழ 40 நியூட்டன். எதிர்காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. மோட்டர் இல்லாமல் ஏறும்போது காலுக்கு வரும் சராசரி பாரம்:

44 பல் செயின்வீல், 18 பல் ஃப்ரீவீல்: 192 நியூட்டன். கிட்டத்தட்ட 20 கிலோ எடை.

52 பல் செயின்வீல், 18 பல் ஃப்ரீவீல்: 227 நியூட்டன். கிட்டத்தட்ட 23 கிலோ எடை.

44 பல் செயின்வீல், 22 பல் ஃப்ரீவீல்: 157 நியூட்டன். 16 கிலோ எடை.

8 பல் கூட்டியதற்காக ஒவ்வொரு மிதியிலும் 3 கிலோவுக்கு மேல் கூடுதலாக அழுத்தியிருக்கிறேன். அன்று ஏன் தள்ளினேன் என்பது கரும்பலகையில் தெரிந்தது. பின்னால் இருக்கும் ஃப்ரீவீல் பெரிதானால் மிதிப்பது எளிதாகும், வேகம் குறையும். முன்னால் இருக்கும் செயின்வீல் பெரிதானால் இதற்கு நேர்மாறு. “பெரிய பல்சக்கரம் என்றால் வேகம்” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னது தவறு. எந்தச் சக்கரம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் எடுத்த முடிவு

பழைய 44 பல் செயின்வீலையே திரும்பப் பொருத்தினேன். 52-க்காகக் கூட்டியிருந்த 4 கண்ணிகளைச் செயினிலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. கால் வீணாகச் சுற்றும் சிக்கலுக்கு வேறு வழி கிடைத்தது. மோட்டரின் உதவியை ஒரு நிலை குறைத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன். அதற்கு நிமிடத்துக்கு 65 சுற்று, காலுக்கு இதமானது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் குறைந்ததும் பேட்டரியும் கூடுதல் தூரத்துக்கு வருகிறது. 11 கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்துக்கும் குறைவாகவே தாமதம்.

ஒரே கியர் உள்ள மின்மிதிவண்டிக்கு நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் நம் வழியின் மிகக் கடினமான இடத்தை, பேட்டரி இல்லாமல், வழக்கமான சுமையோடு மிதிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற விகிதத்தைத் தேர்ந்துகொண்டு, அதில் நிமிடத்துக்கு 60 முதல் 70 சுற்றுக்கு என்ன வேகம் வருகிறது என்று கணக்கிட்டு, மோட்டரின் உதவியை அந்த வேகத்துக்கு அமைத்துக்கொள்ளலாம். பின்னால் 14 முதல் 28 பல் வரை பல கியர்கள் உள்ள வண்டியில் இந்தச் சமரசம் தேவைப்படாது. சமதளத்துக்கு 14, ஏற்றத்துக்கு 28 என்று மாற்றிக்கொள்ளலாம். நம் நாட்டு விதிப்படி, பதிவு செய்யாமல் ஓட்டும் மின்மிதிவண்டியின் மோட்டர் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் வேகம் தேடிப் பெரிய செயின்வீல் போடுவதில் பொருளில்லை.

வகுப்பில் செய்ய

ஆறாம் வகுப்பில் விகிதத்துக்கும் மீ.பொ.வ.வுக்கும், ஏழாம் வகுப்பில் நேர், எதிர் விகிதங்களுக்கும், பத்தாம் வகுப்பில் திருப்புவிசைக்கும் இதே மிதிவண்டி உதவும். மேல்நிலைப் பள்ளி என்றால், அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகள் நிறுத்துமிடத்திலேயே இருக்கும். பல்லை எண்ணும்போது தொடங்கும் பல்லில் சுண்ணக்கட்டிக் குறி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழுவும் ஒவ்வோர் எண் சொல்லும். செயினுக்கும் பல்லுக்கும் இடையே விரல் போகக் கூடாது. துப்பட்டா, தாவணி முனைகளைச் செருகிக்கொள்ள வேண்டும். மோட்டர் உள்ள வண்டியை இச்செயல்பாட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம், சாதாரண மிதிவண்டியே போதும்.

கேள்வி கேட்ட மாணவியின் அப்பா மிதிவண்டியில் கீரை விற்பவர். அவரும் மோட்டர் பொருத்த நினைத்திருந்தார். அவள் வீட்டுக்குப் போய், அப்பாவும் வண்டியும் கீரைக் கூடையும் சேர்ந்து 140 கிலோ என்று வைத்து இதே கணக்கைப் போட்டிருக்கிறாள். 18 பல் ஃப்ரீவீலில் காலுக்கு 28 கிலோ, 22 பல்லில் 23 கிலோ. “23 கிலோன்னா நீங்க தள்ளிக்கிட்டுப் போன கணக்கு சார். கூடை நிறைஞ்சிருந்தா அப்பாவும் தள்ளத்தான் வேணும். ஆனா வித்துட்டுத் திரும்பும்போது பேட்டரி தீர்ந்தாலும் மிதிச்சிட்டு வந்திடலாம்” என்றாள். அவள் அப்பா 22 பல் ஃப்ரீவீல் போட்டுக்கொண்டார். அந்தக் கணக்குத் தாளை வாங்கி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதில் ஓரிடத்தில் தசமப் புள்ளி தவறியிருந்தது. மறுநாள் அவளே வந்து திருத்தினாள்.