வெடிமருந்தும் சோளமும்: செரோக்கியர் உடன்படிக்கைகளின் பொருளியல் அடித்தளம்

உடன்படிக்கைகளைத் தலைவர்தம் பேச்சுவன்மை கொண்டு விளக்குவோர், அவற்றின் பின்னணியிலுள்ள உணவையும் வெடிமருந்தையும் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மான்தோல் வணிகத்தின் வழியே செரோக்கி மக்கள் ஐரோப்பியரின் துப்பாக்கிக்கும் மருந்துக்கும் கட்டுண்டிருந்தனர். 1759இல் தென் கரோலினாத் தேசாதிபதி லிட்டில்டன் வெடிமருந்து விற்பனையைத் தடைசெய்தமை இப்பிணைப்பை நன்கறிந்தேயாம். சமாதானம் பேச வந்த தூதுவரையும் அவர் பணயமாக வைத்தார். அவ்வாண்டு டிசெம்பரில் அட்டகுல்லகுல்லா கைச்சாத்திட்டதை நாம் சமாதானம் எனக் கொள்வதற்கில்லை. பணயக்காரர் 1760 பெப்ரவரியிற் கொல்லப்பட்டனர்.

ஆயின் இச்சார்புநிலை ஒருபக்கமானதன்று. மலைகளுக்கப்பால், லிட்டில் டெனசி ஆற்றங்கரையிலிருந்த லவுடன் கோட்டை, சோளத்துக்குச் செரோக்கி ஊர்களையே பெரிதும் நம்பியிருந்தது. 1760இல் முற்றுகை இறுகியதும் படையினர் குதிரையிறைச்சி உண்ணலாயினர். (அவர்களை மணந்திருந்த செரோக்கிப் பெண்கள் தடையை மீறி உணவு கொண்டுசென்றமை தனியாய்வுக்குரியது.) ஓகஸ்டிற் கோட்டை பணிந்தது. நிபந்தனைக்கு மாறாக வெடிமருந்தைப் புதைத்துவைத்தமை, வெளியேறிய படை தாக்கப்பட்டமைக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

1761இல் கிராண்டின் படை 15 ஊர்களையும் சுமார் 1,400 ஏக்கர் பயிரையும் அழித்தது. போரில் முற்றாகப் பெறாத வெற்றியைக் களஞ்சியங்களை எரித்துப் பெற்றனர். டிசெம்பரிற் சாள்ஸ்டனில் அட்டகுல்லகுல்லாவே மீண்டும் பேசினார். அவர் பின்னால் அக்குளிர்காலத்துக்கு உணவற்ற ஊர்கள் இருந்தன.