வழிப்போக்கனின் உறக்கம்

கிறித்தவ மறையைப் பயில்வோர் 'விழித்திருங்கள்' என்னும் கட்டளையைப் பலவிடத்தும் காண்பர். இரவு முழுதும் கண்மூடாது கிடத்தல் என்பது அதன் பொருள் அன்று. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நோக்கினால் இது விளங்கும். மணவாளன் வரக் காலந்தாழ்ந்தபோது புத்தியில்லாத ஐவர் மட்டுமல்லர், புத்தியுள்ள ஐவரும் உறங்கிப் போகின்றனர். உறங்கியதற்காக அவ்வைவரும் கடியப்படவில்லை. அவர்களிடம் எண்ணெய் இருந்தது, அதுவே வேறுபாடு. ஆனால், அடுத்த அதிகாரத்திலேயே கெத்செமனேத் தோட்டத்தில் சீடர் மூவர் உறங்கும் காட்சி வருகிறது. அங்கே அவ்வுறக்கம் தலைவனை வருத்தும் குறையாகப் பேசப்படுகிறது.

அப்படியானால் எந்த உறக்கம் குறையாகும், எது குறையாகாது? இவ்வினாவுக்குக் கதை வடிவில் விடை தந்தவர் ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யன். 1678-இல் வெளிவந்த அவருடைய பயண நூல் தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரில் உரைநடையாகவும், எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'மாகக் காப்பிய வடிவிலும் வழங்குகிறது. ஆகவே தமிழாசிரியர்களுக்கு இது அயலார் வீட்டுச் சொத்து அன்று.

பன்யன் 1628-இல் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஓட்டை உடைசலான பாத்திரங்களைப் பழுது பார்ப்பது குடும்பத்தொழில். உயர்கல்வி அவருக்குக் கிட்டவில்லை. அரசு ஒப்பிய திருச்சபையின் இசைவு பெறாமல் மக்களைக் கூட்டிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660-இல் சிறைப்பட்டார். 'இனிப் பிரசங்கம் செய்யேன்' என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. சிறைவாழ்வு 1672 வரை நீண்டது. வெளியே இருந்தவர்கள் அவருடைய இரண்டாம் மனைவி எலிசபெத்தும், முதல் மனைவியின் நான்கு குழந்தைகளும். அவர்களுள் மேரி பிறவிக் குருடு. நுனியில் உலோகக் குப்பி பொருத்திய நாடாக்களைச் சிறையிலிருந்தபடியே செய்து விற்று அவர் குடும்பத்தைத் தாங்கினார். அந்தக் கண்ணில்லாக் குழந்தையை நினைக்குந்தோறும் நெஞ்சு பிளந்ததென அவரே 1666-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். முழு நெஞ்சோடு பற்றுவது என்பதன் விலையை அறிந்த ஒருவர் எழுதிய கதை இது என்பதைப் படிப்போர் மறத்தலாகாது. அவ்விலையைக் குழந்தைகளும் சேர்ந்து கொடுத்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கதை எளியது. கிறிஸ்தியான் என்பவன் அழிவுக்குரிய தன் ஊரை விட்டு, முதுகில் ஒரு சுமையோடு வானநகர் நோக்கிப் புறப்படுகிறான். சிலுவையண்டை சுமை கழன்று விழுகிறது. புதிய மேலாடை ஒன்றும், முத்திரையிட்ட ஓலைச் சுருள் ஒன்றும் அவனுக்குக் கிடைக்கின்றன. நகர வாயிலில் காட்ட வேண்டிய சீட்டு அச்சுருள்தான். சிறிது தொலைவு சென்றதும், காலில் விலங்கோடு மூவர் பாதையோரம் உறங்கக் காண்கிறான். பேதை, சோம்பன், இறுமாப்பன் என்று அவர்கள் பெயரைத் தமிழாக்கலாம். எழுப்புகிறான். ஆபத்து ஒன்றும் தெரியவில்லையே என்கிறான் முதல்வன். இன்னும் கொஞ்சம் உறங்குகிறேன் என்கிறான் அடுத்தவன். என் காலில் நான் நிற்பேன் என்கிறான் மூன்றாமவன். மூவரும் மறுபடி படுத்துவிடுகின்றனர். இவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உறக்கத்தையே வாழ்வாக்கிக் கொண்டவர்கள்.

நூலின் நுட்பம் அடுத்த உறக்கத்தில் இருக்கிறது. இம்முறை உறங்குபவன் கிறிஸ்தியானேதான். செங்குத்தான மலையொன்றில் முதலில் ஓடி, பிறகு நடந்து, பிறகு கையும் முழங்காலும் ஊன்றி ஏறுகிறான். நடுவழியில் அழகிய கொடிமனை ஒன்று தென்படுகிறது. அதை அமைத்தவன் பகைவன் அல்லன். களைத்து வருவோர் இளைப்பாறுவதற்காக மலைக்கு உரியவனே அமைத்தது. கிறிஸ்தியான் அமர்கிறான், சுருளை எடுத்துப் படிக்கிறான், மேலாடையைத் தடவிப் பார்த்து மகிழ்கிறான். எல்லாம் நல்ல செயல்கள். இவற்றினிடையே கண் செருகுகிறது. அரைத்தூக்கம் முழுத்தூக்கமாகிறது. கையிலிருந்த சுருள் நழுவி விழுகிறது. பொழுது சாயும் வேளையில் யாரோ வந்து தட்டி எழுப்ப, பதறி எழுந்து மலையுச்சிக்கு ஓடுகிறான்.

பன்யன் எதைக் குற்றமாக்கினார் என்பதை இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். இளைப்பாறுவதைக் குற்றமென்று அவர் சொல்லவில்லை. சிறிது நேரத்திற்கென்று தந்த நிழலைப் பகல் முழுவதற்கும் எடுத்துக்கொண்டதே குற்றம். அதைவிட முக்கியமானது மற்றொன்று. சுருள் விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. எழுந்தவுடனும் தெரியவில்லை. மலையுச்சியில் அச்சனும் ஐயனும் எதிரே ஓடிவந்து, முன்னே சிங்கங்கள் கிடக்கின்றன என்று சொல்லக் கேட்டு நடுங்கி, ஆறுதலுக்காக மடியைத் தடவும்போதுதான் தெரிகிறது. நெஞ்சின் தூக்கத்துக்கு இதுதான் அடையாளம்: இழந்த நேரம் ஒன்று, இழப்பை உணரும் நேரம் வேறொன்று. வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் தூக்கத்தோடு மறதியையும் சேர்த்து எண்ணியதைத் தமிழாசிரியர் இவ்விடத்தில் மாணவர்க்கு நினைவூட்டலாம்.

அவன் வந்த வழியே திரும்புகிறான். அழுதுகொண்டும் இருபுறமும் தேடிக்கொண்டும் கொடிமனையை அடைந்து, இருக்கையின் கீழே கிடந்த சுருளைக் கண்டெடுக்கிறான். ஒரு முறை நடக்க வேண்டிய வழியை மூன்று முறை நடந்தாயிற்று. மறுபடி மேலேறி முடிப்பதற்குள் ஞாயிறு மறைந்துவிடுகிறது. பகலில் கடந்திருக்க வேண்டிய சிங்கங்களை இருளில் கடக்க நேர்கிறது. அவை சங்கிலியால் கட்டப்பட்டவை. இருளில் சங்கிலி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. வழியின் நடுவே நடந்து வா என்று குரல் கொடுத்துக் காப்பவன் அங்குள்ள மாளிகையின் வாயிற்காவலன். அவன் பெயரே 'விழிப்பு'. சிறுவர்க்கு இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் சிங்கத்தை வைத்துக்கொண்டு கொடிமனையை விட்டுவிடுகின்றனர். கொடிமனை இல்லையேல் சிங்கம் வெறும் வேடிக்கைதான்.

இனி முழு நெஞ்சு என்பதைப் பார்ப்போம். அதற்கு எதிரிடையான அரை நெஞ்சுக்குப் பன்யன் படைத்த உருவம் ஒன்றுண்டு: இன்சொல்லூரைச் சேர்ந்த ஊதியநாடி. அவனுடைய பாட்டனுக்குத் தந்தை ஓடக்காரன். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் துடுப்பு வலிப்பவன். குடும்பச் சொத்தெல்லாம் அத்தொழிலில் வந்தது. ஊதியநாடி சமயத்தை வெறுப்பவன் அல்லன். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராகச் செல்வதில்லை, சமயம் வெள்ளிச் செருப்பணிந்து வெயிலில் உலாவும்போது தவறாது உடன் நடப்பது என்பவை அவன் கொள்கைகள். எள்ளல் இருக்கிறது; ஆனால் இதை எழுதியவர் ஒரு வாக்குக் கொடுத்துத் தப்பியிருக்கக் கூடியவர் என்பதை எண்ணினால் எள்ளலுக்குள் இருக்கும் வலியும் தெரியும்.

நெடும்பயணத்தின் கடைசிப் பகுதியில் 'மயக்கநிலம்' வருகிறது. அங்கே கொடுவிலங்கும் இல்லை, அரக்கனும் இல்லை. காற்றே உறக்கத்தை ஊட்டும். கிறிஸ்தியானின் துணைவன் நம்பிக்கை, சற்றே படுத்துச் செல்லலாம் என்கிறான். மேய்ப்பர்கள் முன்பே செய்த எச்சரிக்கையைக் கிறிஸ்தியான் நினைவூட்டுகிறான். தனியே வந்திருந்தால் உறங்கி உயிரிழந்திருப்பேன் என்று துணைவன் ஒப்புக்கொள்கிறான். பிறகு இருவரும் செய்தது என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை அகல விரிக்கவில்லை. பேசத் தொடங்கினார்கள். தங்களிடத்தில் கடவுள் முதன்முதல் செயற்பட்டது எவ்வாறு என்பதிலிருந்து ஒருவன் வினவ மற்றவன் விடை சொல்ல, பேச்சு வளர்கிறது, நிலமும் கடக்கப்படுகிறது. விழிப்பு தனிமனிதனின் மன உறுதியால் மட்டும் வருவதன்று. ஒருவர் மற்றவரைக் கேள்வி கேட்பதால் வருவது என்பது பன்யனின் துணிபு. சபைக் கூட்டங்களுக்காகச் சிறை சென்றவர் வேறு எவ்வாறு கருதுவார்?

கிருஷ்ண பிள்ளை இப்பயணத்தைத் தமிழுக்குக் கொண்டு வந்தபோது வெறும் மொழிபெயர்ப்பாளராக நிற்கவில்லை. 1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். 1894-இல் நூலாக வந்த காப்பியம் ஐந்து பருவங்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களும் உடையது. பன்யன் விரித்துரைக்காத கிறித்துவின் பாடுகளை அவர் விரித்துப் பாடினார். அன்றியும், பயணத்தினிடையே பதிகங்களைப் பெய்தார். 'இரட்சணிய யாத்திரிகத் தேவாரம்' என அவை தனியாகவும் வழங்குகின்றன. பன்யனின் பயணிகளை விழித்திருக்கச் செய்வது உரையாடல் என்றால், தமிழ்ப் பயணியை விழித்திருக்கச் செய்வது பாட்டு எனலாம். ஆழ்வார் நாயன்மார் மரபில் வளர்ந்த செவிக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

பன்யன் 1684-இல் இரண்டாம் பாகம் வெளியிட்டார். கிறிஸ்தியானின் மனைவியும் மக்களும் அவ்வழியே செல்லும் கதை அது. மயக்கநிலத்தை அவர்களும் கடக்கின்றனர். இருள் கவியவே, வழிகாட்டி விளக்கை ஏற்றி வழிப்படத்தைப் பார்த்து நடத்துகிறான். ஒரு கொடிமனையில் இருவர் உறங்குவதைக் காண்கின்றனர். உலுக்கினால் ஒருவன், பணம் கைக்கு வந்ததும் கடனைத் தீர்க்கிறேன் என்கிறான். மற்றவன், வாளைப் பிடிக்க முடியும்வரை போரிடுவேன் என்கிறான். கூட இருந்த சிறுவன் ஒருவன் சிரித்துவிடுகிறான். சொற்கள் சரியானவை, கண் மட்டும் திறக்கவில்லை. பொருளுணராது மனப்பாடம் ஒப்பிக்கும் வகுப்பை மேற்பார்வையிட்ட எந்த ஆசிரியருக்கும் இக்காட்சி புதிதன்று.

அந்நிலத்தின் எல்லைக்கருகில் முணுமுணுப்பு ஒன்று கேட்கிறது. சென்று பார்த்தால், 'உறுதிநிலையோன்' என்னும் ஒருவர் முழந்தாளிட்டு, கைகளை உயர்த்தி, யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார். உலகத்தின் உருவான ஒரு பெண் வந்து தன்னையும் பணப்பையையும் படுக்கையையும் தருவதாக அழைத்தாளாம். அப்போது தாம் களைத்துப்போயிருந்ததையும், கண்கள் தூக்கத்தில் சொருகியதையும், கையில் காசில்லாததையும் அவர் மறைக்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருக்கலாம் என்கிறார். அதனால்தான் முழந்தாளிட்டாராம்.